பணம் கட்டியும் பிள்ளைகள் ஏன் நின்றுவிட்டார்கள்?

கேள்வி:

வணக்கம் அம்மா. நான் பாலக்கோட்டில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் அங்கிருந்து ஏழு கிலோமீட்டர். சின்ன வயதில் எனக்குப் படம் வரைய ரொம்பப் பிடிக்கும். அப்பா செங்கல் சூளையில் வேலை பார்த்தார், வகுப்புக்கெல்லாம் அனுப்ப வழியில்லை. அந்த ஏக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் நானும் நண்பர்கள் நான்கு பேரும் சேர்ந்து, எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் 12 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, டவுனில் ஓவிய வகுப்பிலும் கராத்தே வகுப்பிலும் ஜூன் மாதம் சேர்த்துவிட்டோம். ஆளுக்கு மாதம் 500 ரூபாய், மொத்தம் 6,000. நாங்களே கட்டுகிறோம். எல்லாம் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். மூன்றே மாதத்தில் ஒன்பது பேர் நின்றுவிட்டார்கள். ஒரு பைசா கேட்காமல் சேர்த்துவிட்டும் அனுப்பாத பெற்றோரை என்ன சொல்வது? அக்கறை இல்லையா? இந்தப் பணத்தை வேறு எப்படிச் செலவழிக்கலாம்? மிச்சம் இருக்கும் மூன்று பேரில் ஒரு பெண் எட்டாவது படிக்கிறாள், அருமையாகப் படம் போடுவாள். போன மாதம் வயதுக்கு வந்துவிட்டாள். இனி அனுப்ப மாட்டேன் என்கிறார் அவள் பாட்டி. அவளுக்காவது ஏதாவது செய்ய முடியுமா?

பதில்:

தம்பிக்கு வணக்கம்.

ஒன்பது பேர் நின்றதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மூன்று பேர் இன்னும் போய்க்கொண்டிருக்கிறார்களே, அந்த வீடுகளில் யார் என்ன பாடுபட்டு அனுப்புகிறார்கள் என்றுதான் யோசித்தேன். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து இருபது வருஷத்துக்கு மேல் குழந்தைகள் நலப் பணியில் இருக்கிறேன். நீங்கள் செய்த தப்பை நானும் செய்திருக்கிறேன், உங்களைவிடப் பெரிதாக. அதனால் உரிமையோடு சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் எடுத்துக்கொள்வோம். வகுப்பு பத்து மணிக்கு. ஆறாவது படிக்கிற பையன். அம்மா விடியும் முன்பே தக்காளி பறிக்கப் போய்விட்டார். பையனைத் தனியாக டவுன் பஸ்ஸில் அனுப்பப் பயம், தாத்தா கூட வர வேண்டும். பாட்டி வந்தால் அவருக்கு டிக்கெட் இல்லை, 2021-லிருந்து பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். ஆனால் பாட்டிக்கு முட்டி வலி. ஆகவே தாத்தாவுக்கும் பேரனுக்கும் போக வர டிக்கெட். பையனிடம் இலவச பஸ் பாஸ் இருக்குமே என்பீர்கள். அது வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய் வரத்தான், ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்புக்கு ஆகாது. வகுப்பு முடியும்வரை தாத்தா எங்கே உட்காருவார்? டீக்கடையில். சும்மா உட்கார முடியாது, ஒரு டீ. பன்னிரண்டு மணிக்குப் பையன் பசியோடு வெளியே வருவான், பஸ் ஸ்டாண்டில் கண்ணில் படுவதை எல்லாம் கேட்பான். இதோடு வகுப்பில் கேட்ட வாட்டர் கலர், பிரஷ், பெரிய நோட்டு. கராத்தே என்றால் வெள்ளை யூனிஃபார்ம், ரெண்டு மாதம் கழித்து பெல்ட் டெஸ்ட்டுக்கு ஒரு கட்டணம். கூட்டிப் பாருங்கள். நீங்கள் கட்டிய 500 ரூபாய்க்குப் பக்கத்தில் அந்தக் குடும்பமும் கிட்டத்தட்ட அதே அளவு கட்டிக்கொண்டிருந்தது. உங்கள் பணத்துக்கு ரசீது உண்டு, அவர்கள் பணத்துக்கு இல்லை. அதனால் அது கணக்கில் வரவில்லை.

காசுகூட ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்பா பெங்களூரிலோ ஓசூரிலோ கட்டட வேலையில் இருப்பார். சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிற்றுக்கிழமை ராத்திரி திரும்புவார். சில பேருக்குப் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் அதுவும். அந்த ஒரு பகலில்தான் கறி எடுப்பார்கள், பிள்ளை அப்பாவின் மடியில் உட்காரும், பைக்கில் முன்னால் உட்கார்ந்து ஒரு ரவுண்டு போகும். அதை விட்டுவிட்டு எந்தப் பிள்ளை பஸ் ஏறும்? நான் அனுப்பச் சொல்லவும் மாட்டேன். டவுனில் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஞாயிறுதான் வசதி, ஏனென்றால் டவுன் பிள்ளைகளின் அப்பாக்கள் தினமும் வீட்டுக்கு வருகிறார்கள்.

ஆக, "அக்கறை இல்லையா" என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: அந்தப் பெற்றோரை எனக்குத் தெரியாது, ஆனால் மூன்று மாதம் அனுப்பியிருக்கிறார்கள். அக்கறை இல்லாதவர்கள் மூன்று வாரத்திலேயே நிறுத்தியிருப்பார்கள்.

இனி என் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நன்கொடையாளர் தந்த பணத்தில் 20 பிள்ளைகளை ஒரு ஓவிய வகுப்பில் சேர்த்தேன். அதில் ஒரு பெண், பத்து வயது இருக்கும். ஒன்றரை வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றாள். ஒரு கையில் தம்பி, இன்னொரு கையில் நோட்டு. கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்கிறாள். வகுப்பு எடுத்தவர், "குழந்தையைக் கூட்டிட்டு வரக் கூடாதும்மா, மத்தவங்களுக்குத் தொந்தரவு" என்று நல்ல விதமாகத்தான் சொன்னார். அவளும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் வரவில்லை. நான் வருகைப் பதிவேட்டில் 'ஆர்வம் இல்லை' என்று எழுதினேன். என் கையெழுத்தில் இருக்கிறது அது. அவள் அம்மா வேலைக்குப் போனால் தம்பியை வைத்துக்கொள்ள அவளைத் தவிர வீட்டில் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரிய எட்டு மாதம் ஆனது. அதற்கப்புறம் நாங்கள் எங்கே வகுப்பு வைத்தாலும் ஓர் ஓரத்தில் பாய் விரித்து, நாலு சாக்பீஸும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவும் போட்டு வைப்போம். சின்னதுகள் அங்கே உருளும். அக்கா அண்ணன்கள் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே வரைவார்கள். சத்தம் இருக்கும். பழகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடிதத்தில் "தேர்ந்தெடுத்து" என்று எழுதியிருக்கிறீர்கள். 12 பேரை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று தெரியவில்லை. திறமை பார்த்தா, வறுமை பார்த்தா? எதுவானாலும் சிக்கல்தான். பிள்ளைகள் ஜோடி ஜோடியாகத்தான் எங்கும் போவார்கள். கூட வருகிற சிநேகிதியை விட்டுவிட்டு ஒருத்தியை மட்டும் சேர்த்தால் நாலாவது வாரம் அவளுக்கும் வயிற்று வலி வரும். வறுமையைப் பார்த்துப் பொறுக்கினால் இன்னும் மோசம். சேர்த்த அன்றைக்கு ஃபிளெக்ஸ் கட்டிப் படம் எடுத்தீர்களா? எடுத்திருந்தால் அடுத்த முறை வேண்டாம். நான் பார்த்த ஒரு நிகழ்ச்சியில் கலர் பென்சில் டப்பாவைப் பிள்ளைகள் ஒரு பக்கம் பிடிக்க, கொடுத்தவர் இன்னொரு பக்கம் பிடிக்க, கேமராக்காரர் வரும்வரை ஐந்து நிமிஷம் அப்படியே நின்றார்கள். அந்தப் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. எட்டாவது படிக்கும் பையன் ஒருவனை மற்றவர்கள் "தர்ம கிளாஸ்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதோடு சரி, அவன் டப்பாவைத் திறக்கவே இல்லை என்று அவன் அம்மா பிற்பாடு சொன்னார்.

சரி, 6,000 ரூபாயை என்ன செய்யலாம்? பிள்ளைகளை டவுனுக்கு அனுப்புவதை விட்டுவிட்டு ஆசிரியரை ஊருக்குக் கூட்டி வாருங்கள். பள்ளி விடுகிற நேரத்தில், பள்ளியிலேயே, வாரம் இரண்டு நாள், நாலரையிலிருந்து ஆறு மணிவரை. ஞாயிறு கூடாது. இருட்டும் முன்னால் முடிய வேண்டும். ஓர் ஓவிய ஆசிரியருக்கு ஒரு நாளைக்கு 500 என்று பேசிப் பாருங்கள், பெட்ரோல் உட்பட. எட்டு நாளைக்கு 4,000. பிள்ளைகளுக்குச் சுண்டல், 25 பேருக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாய், எட்டு நாளைக்கு 1,600. மீதி 400-க்குச் சார்ட் அட்டையும் கலரும். 12 பேருக்குச் செலவழித்த அதே பணம், யாரையும் பொறுக்காமல் 25 பேர் உட்காரலாம், பஸ் செலவு யாருக்கும் இல்லை.

சுண்டலுக்கு எதற்கு 1,600 என்று உங்கள் நண்பர்களில் ஒருவர் கட்டாயம் கேட்பார். மதியம் பன்னிரண்டரைக்கு சத்துணவு சாப்பிட்ட பிள்ளை நாலரைக்குப் பசியில் இருக்கும். பசியில் இருக்கும் பிள்ளை வீட்டுக்குத்தான் ஓடும், வகுப்பில் உட்காராது. அந்தச் சுண்டல் இருக்கிறதே, அதுதான் உங்கள் வருகைப் பதிவேடு. கடலையோ ராகி உருண்டையோ, ஊரில் சுலபமாகக் கிடைப்பதைச் செய்யுங்கள். செய்து தர ஒரு அம்மாவுக்குக் கூலி கொடுங்கள், சேவையாகக் கேட்காதீர்கள்.

பள்ளியில் வைக்கத் தலைமை ஆசிரியரின் சம்மதம் வேண்டும், பள்ளி மேலாண்மைக் குழுவில் ஒரு தீர்மானம் போட்டால் இன்னும் நல்லது. அந்தக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. நீங்கள் போய் இப்படி ஒரு உதவி செய்யப் போகிறோம் என்று அறிவிக்காதீர்கள், என்ன நேரம், என்ன வகுப்பு வேண்டும் என்று கேளுங்கள். அங்கே ஒரு அம்மா எழுந்து, "திங்கட்கிழமை வேண்டாம், அன்னிக்குச் சங்கத்துல குழு மீட்டிங்" என்பார். இந்த மாதிரி விஷயம் நம் மேஜையில் உட்கார்ந்து யோசித்தால் வராது. பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியரோ உடற்கல்வி ஆசிரியரோ இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். 2012-ல் தமிழ்நாடு முழுக்க 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு எடுத்தார்கள், வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. உங்கள் ஊர்ப் பள்ளியில் ஒருவர் இருந்தால், டவுன் மாஸ்டரைத் தேடுவதைவிட அவரையே கேட்கலாம். பிள்ளைகளின் பெயர் அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

யாராவது, "கோயில் மண்டபம் சும்மாதானே கிடக்கு, அங்கே வெச்சுக்கலாமே" என்பார்கள். வேண்டாம். எந்த இடத்தில் வைக்கிறீர்கள் என்பதிலேயே யார் வருவார்கள் என்பது முடிவாகிவிடும், உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மண்டபத்தில் வைத்தால் காலனிப் பிள்ளைகள் வாசலோடு நிற்பார்கள், காலனியில் வைத்தால் ஊர்ப் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். பள்ளிக்கூடம் ஒன்றுதான் எல்லாரும் பையை மாட்டிக்கொண்டு உள்ளே போகிற இடம்.

காலக் கணக்கும் ஒன்று உண்டு. ஜூனில் ஆரம்பித்து மே வரைக்கும் தொடர்ந்து நடத்தத் திட்டம் போடாதீர்கள். மாசி, பங்குனியில் நம் பக்கம் வீட்டுக்கு வீடு புளி தட்டுவார்கள். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுக்கக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பள்ளி விட்டு வந்த பிள்ளைகளும் அதில்தான் கை வைப்பார்கள். அது முடிந்தால் மாங்காய். அந்த மாதங்களில் வருகை குறைந்தால் பிள்ளைகளைக் கோபிக்காதீர்கள், நீங்களே விடுமுறை விட்டுவிடுங்கள். எட்டு வாரம் நடத்தி, ஒரு சின்ன கண்காட்சியோ நாடகமோ வைத்து முடித்து, இடைவெளி விட்டு மறுபடி எட்டு வாரம். முடிவு தெரிகிற வகுப்புக்குப் பெற்றோர் துணிந்து அனுப்புவார்கள்.

அப்புறம், ஓவியமும் கராத்தேயும் மட்டும்தான் கலையா? நீங்கள் ஏங்கியது ஓவியத்துக்கு, அதனால் அதைத் தேர்ந்தெடுத்தீர்கள், புரிகிறது. ஆனால் உங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களுக்குக் குறைவில்லை. பாரதம் வைத்தால் பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் படுகளம். மண்ணாலேயே செய்து படுக்க வைத்த அந்த ராட்சச துரியோதனனைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகள், மறுநாள் தெருவில் மண்ணைக் குவித்துச் சின்ன துரியோதனன் செய்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள், செய்துமிருப்பீர்கள். சிற்பம் என்று யாரும் அதற்குச் சான்றிதழ் தரவில்லை, அவ்வளவுதான். நாடகம் ஆடுகிற வாத்தியார் யாராவது உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ இருப்பார். ஆடாத மாதங்களில் அவரும் கூலி வேலைக்குத்தான் போவார். டவுன் மாஸ்டருக்குக் கொடுக்கிற அதே 500-ஐ அவருக்கும் கொடுங்கள், குறைக்காதீர்கள்.

ஒருமுறை பென்னாகரம் பக்கம் இப்படி ஒரு வாத்தியாரை வைத்து நடத்தினோம். கிரீடமும் தோளில் கட்டுகிற புஜமும் அட்டையில் வெட்டி, ஜிகினாத் தாளும் உடைந்த வளையல் துண்டும் ஒட்டி, பிள்ளைகளே செய்தார்கள். வாய் திறக்காத ஒரு பையன் இருந்தான், ஏழாவது. பெயர் கேட்டால்கூடத் தரையைப் பார்ப்பான். அவனை என்ன செய்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது வாத்தியார், "நீ திரை பிடிடா" என்று ஒரு பழைய சேலையின் முனையைக் கையில் கொடுத்தார். வேஷக்காரன் மேடையேறும்போது இரண்டு பேர் முன்னால் திரை பிடிக்க வேண்டும், அவன் பின்னால் நின்று பாடி, சலங்கை குலுங்க ஆட, சரியான நேரத்தில் விலக வேண்டும். மூன்று வாரம் திரை பிடித்தான். நாலாவது வாரம் திரைக்குப் பின்னால் இருப்பவனோடு சேர்ந்து வாய் அசைந்தது. எல்லாப் பாட்டும் அவனுக்கு மனப்பாடம். எட்டாவது வாரம், கூத்தில் பேசிப் பேசியே சிரிக்க வைக்கிற கட்டியங்காரன் வேஷத்துக்கு வர வேண்டிய பையனுக்குக் காய்ச்சல், இவன் போட்டான். அதற்குப் பிறகு அவனை அடக்க நாங்கள் பட்ட பாடு தனி. டவுன் வகுப்புகளில் எனக்குக் குறையாகத் தெரிவது இதுதான். எல்லாரும் முதல் நாளே பென்சில் பிடிக்க வேண்டும், எல்லாரும் உதைக்க வேண்டும். திரை பிடிக்கிற மாதிரி ஒரு வேலை அங்கே இருப்பதில்லை.

பறை, பம்பை கற்றுத்தரலாம் என்றால் இரண்டு பக்கமிருந்தும் தயக்கம் வரும். எங்கள் பிள்ளை அதைத் தொடுவதா என்று சிலர். எங்களை மறுபடியும் அதையே அடிக்கச் சொல்கிறீர்களா என்று வேறு சிலர், அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பிள்ளைகளாகக் கேட்டால் செய்யுங்கள், நீங்களாகத் திணிக்காதீர்கள்.

இந்த உழைப்பு எங்கே போய்ச் சேரும் என்பீர்கள். பள்ளிக் கல்வித் துறை 2022-லிருந்து கலைத் திருவிழா நடத்துகிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும், ஜெயித்தால் கலையரசன், கலையரசி பட்டம். ஆரம்பத்தில் ஆறாம் வகுப்பு முதல்தான் இருந்தது, 2024-ல் ஒன்றாம் வகுப்பிலிருந்தே சேர்த்தார்கள். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு அவசரமாகத் தயார் செய்கிற பள்ளிகள்தான் அதிகம். உங்கள் பிள்ளைகள் எட்டு வாரம் பழகியிருப்பார்கள். உண்மையாகவே ஒரு பிள்ளைக்கு இசையில் நாட்டம் என்றால், கிருஷ்ணகிரியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. 12 வயதிலிருந்து சேரலாம், மூன்று வருஷப் படிப்பு, நாதசுரம், தவில், குரலிசை, பரதம் என்று ஏழு பிரிவு. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 முதல் 16 வயதுவரை குறைந்த கட்டணத்தில் வாரக் கடைசி வகுப்புகள் உண்டு. ஆனால் அதுவும் மாவட்டத் தலைநகரில்தான், மேலே சொன்ன பஸ் கணக்கு அங்கேயும் பொருந்தும். ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு அடுத்த படியாக அதை வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டுக்கு நீங்கள் புதிதாக எதுவும் வாங்காதீர்கள். 2024-ல் கிராம ஊராட்சிகளுக்குக் கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு என்று 33 வகைப் பொருள் கொடுத்தார்கள். கிரிக்கெட் மட்டை, வாலிபால், கேரம் எல்லாம் உண்டு. பல ஊர்களில் அது ஊராட்சி அலுவலகத்தில் பூட்டின அறைக்குள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடக்கிறது, "பிள்ளைங்க உடைச்சிடுவாங்க" என்று. உடைக்கத்தானே கொடுத்தது! அடுத்த கிராம சபையில் எழுந்து கேளுங்கள், ஒரு நோட்டுப் போட்டு எடுத்துக் கொடுத்து வாங்குகிற பொறுப்பை உங்கள் நண்பர் ஒருவர் ஏற்றுக்கொள்வார் என்றும் சொல்லுங்கள். பொறுப்பேற்க ஆள் இருந்தால் பூட்டு பெரும்பாலும் திறந்துவிடும்.

உங்கள் முயற்சியைக் கேள்விப்பட்டு, "சோத்துக்கே வழியில்லாதவனுக்குப் படம் எதுக்கு, டியூஷனுக்குக் குடு" என்று புத்தி சொல்ல நிறையப் பேர் வருவார்கள். எனக்கும் வந்தார்கள், அதிகாரிகள் உட்பட. 1989-ல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31-வது பிரிவு, ஓய்வும் விளையாட்டும் கலையும் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992-ல் அதை ஏற்றுக்கொண்டது. நம் கல்வி உரிமைச் சட்டமும் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. அதிகாரிகளிடம் இதைச் சொல்வேன். மற்றவர்களிடம், உங்கள் பிள்ளையை டான்ஸ் கிளாஸுக்கு எதற்கு அனுப்புகிறீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். பதில் சொல்லத் தொடங்குவார்கள், பாதியில் நிறுத்திவிடுவார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம். வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். கதவு திறந்திருக்க வேண்டும். எந்த ஆசிரியரும் எந்தப் பிள்ளையையும் தனியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது, எவ்வளவு நல்லவராக இருந்தாலும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள், பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள்.

கடைசியாக அந்த எட்டாம் வகுப்புப் பெண். பாட்டியை வில்லியாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள். மகனும் மருமகளும் வெளியூரில் இருந்தால், வயதுக்கு வந்த பேத்திக்கு முழுப் பொறுப்பும் அவர் தலையில்தான். பஸ்ஸில் யாராவது ஏதாவது சொன்னால், ஊர் ஏதாவது பேசினால், மகனுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அவருக்குப் படத்தின் மேல் கோபம் இல்லை, பயமெல்லாம் ஏழு கிலோமீட்டர் சாலையின் மேல்தான். வகுப்பு பள்ளிக்கே வந்துவிட்டால் அந்தச் சாலை இல்லாமல் போகிறது. பெண் ஆசிரியர் கிடைத்தால் மிகவும் நல்லது. கிடைக்காவிட்டால் சுண்டல் செய்கிற அம்மாவை வகுப்பு முடியும்வரை உட்காரச் சொல்லுங்கள், பாட்டிக்கு அது போதுமானதாக இருக்கும். அந்தப் பெண்ணைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அக்காவாக வைத்து, மாதம் ஒரு சிறு தொகையும் கொடுத்துப் பாருங்கள். கலர் வாங்கத்தான் என்று சொல்லிக் கொடுங்கள், சம்பளம் மாதிரி வேண்டாம். பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பேத்தி என்றால் பாட்டி தெருவில் சொல்லிக்கொள்ள ஒரு பேச்சு இருக்கும். கல்யாணப் பேச்சு எழுந்தாலும் அது கொஞ்சம் தள்ளிப்போகும். நம் மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 18 வயதுக்கு முன்னால் அப்படிப் பேச்சு நிஜமாகவே நடப்பதாகத் தெரிந்தால் தயங்காமல் அந்த 1098-ஐக் கூப்பிடுங்கள்.

பாட்டியிடம் பேச நீங்கள் போக வேண்டாம். கல்யாணமாகாத பையன், பேத்தியைப் பற்றிப் பேச வந்தால் அந்தக் கதவு அன்றோடு மூடிவிடும். உங்கள் அம்மாவை அனுப்புங்கள். போகும்போது அவள் வரைந்த படம் ஒன்றை எடுத்துப் போகச் சொல்லுங்கள், பாட்டி இதுவரை அதைப் பார்த்திருக்கவே மாட்டார்.